நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள்

குழந்தைகள் நலப் பிரிவின் புறநோயாளிகள் பகுதியில் திங்கட்கிழமை காலை எப்போதும் கூட்டம் மிகுந்திருக்கும். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்று வரும் குழந்தைகளுக்கு நடுவே, இவற்றில் எதுவும் இல்லாமல் வயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஓரிரு குழந்தைகளையும் நாங்கள் காண்பதுண்டு. அவர்களுக்கு வலி ஞாயிற்றுக்கிழமை இரவில் தொடங்கியிருக்கும். சனிக்கிழமை முழுவதும் தெருவில் ஓடியாடி விளையாடியிருப்பார்கள். கோடை விடுமுறையில் வலி வந்ததே இல்லை என்று தாய் சொல்வார்.

அவ்வாறு வந்த ஒரு சிறுவனைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அவன் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அவனுக்கு வயது ஒன்பது, நான்காம் வகுப்பு. தந்தை இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். தாய் வீட்டில் தையல் வேலை செய்கிறார். ஏழு மாதங்களில் மூன்று முறை அவனை எங்களிடம் அழைத்து வந்தார்கள். முதல் முறை பூச்சி மருந்து கொடுத்தோம். இரண்டாம் முறை இரத்தம், சிறுநீர், மலம் ஆகியவற்றைப் பரிசோதித்தோம். மூன்றாம் முறை வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தோம். எல்லாம் இயல்பாகவே இருந்தன.

"பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பவிருந்த வேளையில், பழைய மருந்துச் சீட்டைத் தேடிய தாயின் பையிலிருந்து அவனுடைய தமிழ் நோட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கும்போது ஒரு பக்கம் கண்ணில் பட்டது. 'பாடம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'படம்' என்று இருந்தது. 'வீடு' என்பது 'விடு' ஆகியிருந்தது. 'கொடி' என்பது 'கெடி' ஆகியிருந்தது. கீழே சிவப்பு மையில் 'பத்து முறை எழுதுக' என்ற குறிப்பு. அவனும் பத்து முறை எழுதியிருந்தான். பத்தில் நான்கு வேறு வேறு விதமாகத் தவறியிருந்தன. அழித்து அழித்து எழுதியதில் தாள் ஓரிடத்தில் கிழிந்தே போயிருந்தது.

சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்கச் சொன்னோம். கை கழுவும் படம் போட்ட அறிவிப்பு அது. "கை கழுவணும்" என்று உடனே சொன்னான். படம் இல்லாத இன்னோர் அறிவிப்பைக் காட்டினோம். அவன் தாயின் முகத்தைப் பார்த்தான். பின்னர், "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பாய்?" என்று கேட்டோம். பெட்ரோல், பிளக், பேட்டரி என்று வரிசையாக, காரணத்தோடு, தயங்காமல் சொன்னான்.

மூன்று முறை வந்திருந்தும், அவன் எப்படிப் படிக்கிறான் என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுவே எங்களைத் தூண்டியது.

வலி உண்மையானது

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இத்தகைய குழந்தைகள் நடிப்பதில்லை. அச்சமும் பதற்றமும் குடலின் இயக்கத்தையும், வலியை உணரும் தன்மையையும் மாற்றக் கூடியவை. தேர்வுக்கு முன் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்குகிறது. ஒவ்வொரு நாளும் நாற்பது பேர் முன்னிலையில் எழுந்து நின்று, தனக்கு எட்டாத ஒன்றைச் செய்து காட்ட வேண்டிய ஒரு சிறுவனுக்கு வயிறு வலிப்பதில் வியப்பில்லை. ஆகவே "உனக்கு ஒன்றுமில்லை, நடிக்கிறாய்" என்று சொல்வது மருத்துவ நோக்கில் தவறு. அது, உதவி கேட்பதற்குக் குழந்தைக்கு இருக்கும் ஒரே வழியையும் அடைத்துவிடும்.

அவனுக்கு மருத்துவ உளவியலாளரும் சிறப்புக் கல்வியாளரும் சில அமர்வுகளில் மதிப்பீடு செய்தார்கள். அவனுடைய அறிவுத்திறன் வயதுக்கு ஏற்றபடி இருந்தது. கேட்டுப் புரிந்துகொள்வதில் வயதுக்கு மேலாகவே இருந்தான். வாசிப்பிலும் எழுத்திலும் மட்டும் முதல் வகுப்பின் தொடக்க நிலையில் நின்றிருந்தான். அவனுக்கு இருந்தது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சார்ந்த கற்றல் குறைபாடு.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கில் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். விளையாட்டில் சுறுசுறுப்பு, கணக்கில் தெளிவு, கண்பார்வையில் குறையின்மை. ஆயினும் எழுத்துக் கூட்டிப் படிக்க அவனால் இயலவில்லை. பாடங்கள் அனைத்தும் வாய்மொழியாகவே நடத்தப்பட்டால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. எங்கள் சிறுவனின் பட்டறை அறிவைக் கேட்ட பிறகு அந்த ஆசிரியரின் சொல் எங்களுக்கு நன்றாகவே விளங்கியது.

டிஸ்லெக்சியா, கையால் எழுதுவதில் சிக்கல் தரும் டிஸ்கிராஃபியா, எண்களில் சிக்கல் தரும் டிஸ்கால்குலியா, கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த ஏ.டி.எச்.டி., ஆட்டிசம் ஆகியவை மூளையின் வளர்ச்சிப் போக்கில் உண்டாகும் வேறுபாடுகள். ஒரே குழந்தையிடம் இவற்றில் இரண்டு சேர்ந்திருப்பதும் உண்டு. மனித மூளைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல என்ற புரிதலோடு, 1990களின் இறுதியிலிருந்து 'நரம்பியல் பன்மை' என்ற கருத்து பேசப்பட்டு வருகிறது. குழந்தையை மட்டும் திருத்த முயலாமல், கற்பிக்கும் முறையையும் குழந்தைக்கேற்ப மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம்.

பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ கற்றல் குறைபாடு உடையவர்கள் என்பது மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.5 கையேட்டின் மதிப்பீடு. அப்படியானால் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் குறைந்தது இருவர். அவர்களைச் 'சோம்பேறி' என்றோ 'மக்கு' என்றோ அழைத்துப் பழகிவிட்டோம்.

எழுத்துகளுக்குள் நடப்பது

பேச்சு குழந்தைக்குத் தானாக வருகிறது. வாசிப்பு அப்படி வருவதில்லை. ஒலியையும் வடிவத்தையும் இணைக்க மூளை புதிதாகப் பழக வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்குச் சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதும், ஒவ்வோர் ஒலிக்கும் உரிய எழுத்தை விரைவாக நினைவுக்குக் கொண்டுவருவதும் கடினம்.

தமிழில் இதற்குத் தனிப்பட்ட சில சிரமங்கள் உண்டு. நம் எழுத்துகள் 247. அவற்றுள் உயிர்மெய் மட்டும் 216. குறிலையும் நெடிலையும் வேறுபடுத்த ஒரு துணைக்காலோ, ஒரு சிறிய சுழிப்போ போதும். அது தவறினால் பாடம் படமாகிவிடும். 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் வாயில் ககரமெய்யின் ஒலி முதலில் வருகிறது, உயிரொலி பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் உயிரொலியின் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. 'கடல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்று சொற்களிலும் எழுத்து 'க' ஒன்றே. ஒலியோ மூன்று விதம். லகர, ளகர, ழகரங்களும், ரகர, றகரங்களும், மூன்று வகை னகரங்களும் பலருடைய பேச்சில் வேறுபாடின்றி ஒலிக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, 'வந்துட்டிருக்காங்க' என்று வீட்டில் பேசும் குழந்தை, புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற நீண்ட சொல்லைச் சந்திக்கிறது.

பெரும்பாலான குழந்தைகள் இந்தப் படிகளைக் கடந்ததையே அறியாமல் கடந்துவிடுகிறார்கள். சில குழந்தைகளுக்கு ஒவ்வொரு படியையும் காட்டி, கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருக்கிறது. அவர்களும் ஏறிவிடுவார்கள், நாள் அதிகமாகும்.

முதலில் உடலைப் பார்க்க வேண்டும்

படிப்பில் பின்தங்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கற்றல் குறைபாடு இருக்கும் என்று கருதிவிடக் கூடாது. கண்பார்வையும் செவித்திறனும் முறையாகப் பரிசோதிக்கப்பட வேண்டும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியவை குழந்தையைச் சோர்வாக்கும். மூக்கடிச் சதை வளர்ச்சியால் இரவில் குறட்டை விட்டு, உறக்கம் கெடும் குழந்தை பகலில் கவனம் இழக்கும். சில நொடிகள் அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மீளும் குழந்தைக்கு ஒருவகை வலிப்பு நோய் இருக்கலாம்; ஆசிரியர் அதைப் பகற்கனவு என்று எண்ணிக்கொள்வார். வீட்டில் நேர்ந்த இழப்பு, பள்ளியில் நடக்கும் துன்புறுத்தல், நீண்ட நாள் பள்ளிக்கு வராமை ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். இவற்றுள் பலவற்றுக்கு மருந்தோ சிகிச்சையோ உண்டு.

டிஸ்லெக்சியாவுக்கு மருந்து இல்லை. நினைவாற்றல் டானிக், வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று பெற்றோர் பெரும் பணம் செலவழித்துவிட்டு எங்களிடம் வருகிறார்கள். வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்தன. ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு மருத்துவர் மருந்து தரலாம்; அது கவனத்துக்கு உதவும், எழுத்துகளைக் கற்றுத் தராது. கற்றுத் தருவது கற்பித்தல் ஒன்றே.

தந்தை சொன்னது

மதிப்பீட்டின் முடிவைச் சொல்லப் பெற்றோர் இருவரையும் அழைத்திருந்தோம். தாய் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். தந்தை நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். டிஸ்லெக்சியா குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது என்று நாங்கள் சொன்னபோதுதான் நிமிர்ந்தார்.

"எனக்கும் இப்படித்தான் டாக்டர். போர்டுல இருக்கிறதை எழுதி முடிக்கிறதுக்குள்ள வாத்தியார் அழிச்சிடுவார். எட்டாவதோட நின்னுட்டேன். பட்டறையில டப்பாவோட கலரை வச்சுத்தான் பார்ட்ஸ் எடுப்பேன். இவனும் என்னை மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் அடிச்சேன்."

அன்றுவரை அவர் அதைத் தம் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சிறுவன் அறையில்தான் இருந்தான். தந்தையை அவன் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எங்களுக்கு இயலவில்லை. அடுத்த முறை வந்தபோது தாய் சொன்ன செய்தியை மட்டும் குறிப்பிடுகிறோம்: அன்று இரவு அவன் தன் நோட்டுப் புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தந்தையிடம் காட்டினான்.

பெற்றோர்களே, உங்களில் பலர் இந்தத் தந்தையின் நிலையில் இருக்கலாம். அடித்ததற்காக நொந்துகொள்ளச் சொல்லவில்லை. இனி அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் பள்ளி நாள்களை எங்களிடம் சொல்லுங்கள். அது எங்களுக்கு நோயறியும் குறிப்பு. குழந்தைக்கோ, தான் தனியன் அல்லன் என்னும் ஆறுதல்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது, நேரத்தைக் குறையுங்கள். இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை அழுகையோடு நடக்கும் படிப்பைவிட, மாலையில் சிற்றுண்டிக்குப் பின் நடக்கும் இருபது நிமிடம் பயன் தரும். குழந்தை சரியாகப் படித்த ஒரு வரியோடு நிறுத்துங்கள். மறுநாள் தொடங்க அதுவே மனத்தைத் தரும்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு குறியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் துணைக்கால் என்றால் கா, பா, மா, நா மட்டும். கால், பால், மாடு, நாய் என்று குழந்தைக்குத் தெரிந்த சொற்களாகவே இருக்கட்டும். அது உறுதியான பிறகு அடுத்த குறிக்குப் போகலாம். கொம்பு உள்ள எழுத்துகளைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, கண்ணோடு காதும் விரலும் சேரட்டும். தாம்பாளத்தில் அரிசியோ மணலோ பரப்பி, எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் பெரிதாக எழுதச் செய்யுங்கள். இது நமக்குப் புதிதன்று. விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுகிறோம். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில்தான் எழுதக் கற்றார்கள். சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் அதைக் கண்டு தம் பள்ளியிலும் கைக்கொண்டார். தம் அனுபவத்தை 1797இல் நூலாக வெளியிட்டார். வாசிப்புச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்காகச் சாமுவேல் ஆர்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியரும் 1930களில் அமெரிக்காவில் வகுத்த முறையும் பார்த்தல், கேட்டல், தொட்டு எழுதுதல் ஆகிய மூன்றையும் இணைத்து, எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகச் செல்வதே. இன்று சிறப்புக் கல்வியாளர்கள் கைக்கொள்ளும் பல வழிகள் அதிலிருந்து வளர்ந்தவை.

நான்காவது, எழுத்து வரும்வரை அறிவு காத்திருக்க வேண்டியதில்லை. அறிவியலையும் சமூக அறிவியலையும் நீங்கள் படித்துக் காட்டுங்கள். குழந்தை கேட்டுப் புரிந்துகொண்டு வாயால் விடை சொல்லட்டும். கைப்பேசியில் பாடத்தைப் பதிவு செய்து வைத்தால் திரும்பத் திரும்பக் கேட்கலாம். உங்களுக்கே படிப்பது கடினம் என்றால் மூத்த பிள்ளையோ, பக்கத்து வீட்டு அக்காவோ பதிவு செய்து தரலாம். பாட்டி சொல்லும் கதையும் கற்றலே; சொல்வளம் அதில்தான் பெருகுகிறது.

ஐந்தாவது, தவறிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வதை நிறுத்துங்கள். தவறாகப் பத்து முறை எழுதினால் தவறுதான் பழகும். சரியான சொல்லைப் பார்த்து, ஒலிகளாகப் பிரித்துக் கை தட்டிச் சொல்லி, ஒரே ஒருமுறை எழுதினால் போதும்.

ஆறாவது, குழந்தைக்கு வரும் ஒன்றைப் பறிக்காதீர்கள். "மதிப்பெண் வாங்கினால்தான் பட்டறைக்கு வரலாம்" என்று அந்தச் சிறுவனிடம் சொல்லியிருந்தார்கள். அவன் தன்னைத் திறமைசாலி என்று உணர்ந்த ஒரே இடம் அது. மட்டைப்பந்தோ, கோலமோ, பறையோ, ஆடு மேய்ப்பதோ, எதுவாயினும் அதைத் தண்டனையாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலத்திலேயே பேசலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இரண்டு மொழிகளைக் கேட்பதால் டிஸ்லெக்சியா வருவதில்லை. தாய்மொழியில் தாராளமாகப் பேசும் குழந்தைக்கே சொற்கள் சேர்கின்றன.

பள்ளியோடு பேசுதல்

ஆசிரியரிடம் குறை சொல்லப் போவதாக இல்லாமல், துணை கேட்கப் போவதாகச் செல்லுங்கள். நாங்கள் தரும் கடிதத்தில் நான்கைந்து எளிய வேண்டுகோள்கள் இருக்கும். முன்வரிசையில் அமர்த்துதல், முன்னறிவிப்பின்றி எழுப்பி வாய்விட்டுப் படிக்கச் சொல்லாதிருத்தல், கரும்பலகையிலிருந்து எழுதுவதற்குப் பதில் நண்பனின் நோட்டைப் படமெடுத்துக்கொள்ள இடம் தருதல், எழுத்துப் பிழைக்கும் விடையின் கருத்துக்கும் தனித்தனியே மதிப்பளித்தல், வாய்மொழி விடையை ஏற்றுக்கொள்ளுதல். இவை எவற்றுக்கும் செலவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒருவராகக் கவனிக்கும் ஆசிரியரின் சுமையை நாங்கள் அறிவோம். காரணம் விளங்கியபின் பெரும்பாலான ஆசிரியர்கள் மனமுவந்தே உதவுகிறார்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கில் கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இடம்பெற்றுள்ளன. எழுத்துத் தேர்வுகளுக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், எழுத இயலாதோருக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரத்தையும், சொல்வதை எழுதும் உதவியாளரையும் குறிப்பிட்டன. பள்ளிப் பொதுத்தேர்வில் எந்தெந்தச் சலுகைகள் உண்டு என்பது அந்தந்தக் கல்வி வாரியத்தின் விதிகளைப் பொறுத்தது. எனவே ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் கேட்டு விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். தேர்வு நெருங்கியபின் ஓடினால் உரிய நேரத்தில் கிடைக்காமல் போகலாம்.

இதற்கான சான்றிதழை அரசு அறிவித்துள்ள மருத்துவ அதிகாரிகளே வழங்க முடியும். வழிமுறையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்களும், மாவட்ட அளவிலான இடையீட்டுச் சேவை மையமும் உதவுகின்றனர். சென்னையில் 1991இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது.

சான்றிதழ் வாங்கினால் குழந்தைமேல் முத்திரை விழுந்துவிடுமே என்று தயங்கும் பெற்றோர் பலர். பெண் குழந்தை என்றால் தயக்கம் இரு மடங்கு. இந்தத் தயக்கத்தை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் ஒன்றைக் கேட்கிறோம். சான்றிதழ் இல்லாத குழந்தைமேல் முத்திரை இல்லையா? 'மக்கு' என்பதும் முத்திரைதான். அதை எல்லோரும் வாய்விட்டுப் படிக்கிறார்கள். சான்றிதழோ பெட்டிக்குள் இருக்கும். தேவைப்படும் நாளில் மட்டும் வெளியே வரும்.

பொதுவாகச் சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகே வழங்கப்படுகிறது. உதவியை அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை. ஐந்து, ஆறு வயதில் ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைச் சொல்ல இயலாமை, நேற்றுத் தெரிந்த எழுத்தை இன்று மறத்தல், பேச்சில் தெளிவும் எழுத்தில் திணறலும் காணப்படுதல் ஆகியவற்றைக் கண்டால் அப்போதே வாருங்கள். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று நாங்களும் ஒரு காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறோம். அந்தக் காத்திருப்பில் குழந்தை இழப்பது எழுத்துகளை மட்டும் அன்று. 'என்னால் முடியும்' என்ற எண்ணத்தையும் சேர்த்தே இழக்கிறது. எழுத்தைப் பன்னிரண்டு வயதிலும் கற்பிக்கலாம். அந்த எண்ணத்தை மீட்பது அதைவிடக் கடினம்.

இப்போது

ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டது. சிறப்புக் கல்வியாளரிடம் வாரம் இரண்டு முறை வருகிறான். எளிய தமிழ்ப் பத்தியை மெதுவாக, விரலை வைத்துக்கொண்டு படிக்கிறான். ஆங்கிலம் இன்னும் மிகவும் கடினமாகவே இருக்கிறது. தன் வயதுப் பிள்ளைகளின் வேகத்தை அவன் எட்டாமலே போகலாம். அதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறோம். இந்த ஆண்டு வயிற்று வலிக்காக எங்களிடம் ஒரே ஒருமுறைதான் வந்தான். அது காலாண்டுத் தேர்வுக்கு முந்திய நாள்.

பட்டறையில் இப்போது உதிரிபாக டப்பாக்களின்மீது பெயர்கள் ஒட்டப்பட்டுள்ளன. எழுதியவன் அவன். செயின், பிளக், பல்பு எல்லாம் சரியாக இருக்கின்றன. 'கேபிள்' மட்டும் 'கெபிள்' என்று இருக்கிறதாம். தந்தை அதைத் திருத்தவில்லை. இரட்டைக் கொம்பு இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் சொல்லித் தருவார்களாம் என்று அவரே எங்களிடம் சொன்னார். மகனோடு சேர்ந்து அவரும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் பிரிவிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. பள்ளி வயதுக் குழந்தை அடிக்கடி வயிற்று வலி, தலைவலி என்று வந்தால், பரிசோதனைக்கு எழுதும் முன்பே இரண்டு கேள்விகள் கேட்கிறோம்: வலி எந்தக் கிழமைகளில் வருகிறது? படிப்பு எப்படி இருக்கிறது? உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை வரும்போது பழைய மருந்துச் சீட்டுகளோடும் ஸ்கேன் அறிக்கையோடும் குழந்தையின் நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். புதிதாக எழுதி அழகாக்கிய நோட்டு வேண்டாம். சிவப்பு மையும் கிழிந்த தாளும் உள்ள அந்த நோட்டே வேண்டும்.